ஹர்ஷிதாபென் கேட்ட பத்து நிமிடம்

"கழுவாதீங்க! உபேந்திரபாய், உங்களைத்தான் சொல்றேன். அந்தக் கையை அப்படியே தூக்கிட்டு இங்க வாங்க!"

எங்கள் தடயவியல் ஆய்வகத்துக்கு எதிரே ஃபாப்டாக் கடை. கடலைமாவைப் பட்டை பட்டையாக இழுத்து எண்ணெயில் போட்டு எடுத்து, பச்சை மிளகாய் வறுவலோடு காகிதத்தில் கொட்டித் தருவார்கள். தின்றுவிட்டுக் கை கழுவக் குழாயடிக்குப் போனால் அங்கே ஹர்ஷிதாபென் நிற்பார். கையில் பளபளவென்று ஒரு எவர்சில்வர் தகடு. கட்டைவிரலை அதில் ஒரு அமுக்கு அமுக்கினால்தான் குழாய்ப்பக்கம் விடுவார். ஜிலேபி தின்றவர்களுக்குத் தகடு வேறு. "ஜிலேபிக்காரங்க அந்தப் பக்கம். பாகையும் எண்ணெயையும் கலந்துடாதீங்க, ஒரு மாச உழைப்பு வீணாப் போயிடும், புண்ணியமாப் போகும்!" என்று கும்பிடாத குறையாகக் கெஞ்சுவார். கடைக்காரர் முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு அவரே வாடிக்கையாளர்களிடம், "பென்கிட்ட விரலைக் குடுத்துட்டுப் போங்க சேட்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஹர்ஷிதாபென் ஆந்தாணி, கைரேகைப் பிரிவு அதிகாரி; எங்கள் எல்லோருக்கும் 'பென்', அதாவது அக்கா. குள்ளமான உருவம், சேலைக்குக் கீழே விளையாட்டுச் செருப்பு, நடையா ஓட்டமா என்று சொல்ல முடியாத ஒரு நடை. அவர் யாரையும் முகத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்வதில்லை. எங்களுக்குப் புது இயக்குநராக ராவல் சாகேப் வந்து சேர்ந்த அன்று எல்லோரும் மாலை போட்டோம். இவர் மட்டும் அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அரே வாஹ்! வலது பெருவிரல்ல ரெட்டைச் சுழி சாகேப்! நீங்க திருடினா உடனே மாட்டிக்குவீங்க" என்றார். சாகேப் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் மாலையைக் கழற்றினார்.

மைத்துனர் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். மற்றவர்கள் பெண்ணின் படிப்பு, சமையல் என்று விசாரித்துக்கொண்டிருக்க, ஹர்ஷிதாபென் அவள் டீக்கோப்பையை மட்டும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு வில்லு ரேகை! நூத்துல அஞ்சு பேருக்குத்தான் அமையும். யோசிக்கவே யோசிக்காதீங்க, முடிச்சுடுங்க" என்று தீர்ப்புச் சொன்னார். கல்யாணம் முடிந்து இரண்டு குழந்தைகள். குழந்தைகளுக்கு வில் ரேகை வரவில்லையே என்பதுதான் இவருக்கு இன்றுவரை குறை.

வீட்டில் கணவர் முகுல்பாய் சாது. கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். குளிர்பதனப் பெட்டியின் கதவில் பாதிக்கு மேல் அவர் தொடக் கூடாது, அங்கே வெண்ணெய்க் கையால் பதித்த ரேகைகள், அவருடைய 'வெண்ணெய்த் தொகுதி', காய்கிறது. "எங்க வீட்ல என்னைத் தவிர எல்லாத்தையும் கையுறை போட்டுத்தான் தொடுவா" என்று அவர் சொன்னபோது நான் சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

இப்படியெல்லாம் கலகலவென்று திரியும் மனுஷிக்கு நீதிமன்றம் என்றால் மட்டும் வாய் கட்டிப்போகும். அவர் கட்டிக்கொள்வதில்லை, கட்டிவிடுவார்கள். சாட்சிக் கூண்டில் ஏறியதும் வழக்கறிஞர் கேட்பார்: "ஆமாவா, இல்லையா?" இவர் "ஆமா, ஆனா..." என்று ஆரம்பிப்பார். "ஆனா எல்லாம் வேண்டாம் மேடம், கேட்டதுக்குப் பதில் போதும்." அவ்வளவுதான், இறங்க வேண்டியது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இவர் சொல்ல வந்து சொல்லாமல் விழுங்கிய 'ஆனா'க்களைக் கூட்டிச் சேர்த்தால் எங்கள் ஆய்வகத்தில் வைக்க இடம் போதாது.

அதில் ஒரு 'ஆனா' மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது. சராஃபுத் தெருவில் ஒரு நகை வியாபாரியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை திருட்டு. பீரோக் கதவு முழுக்க எண்ணெய்க் கை. எண்ணெய் என்றதும் போலீஸ் நேரே போய்த் தெருமுனையில் ஃபாப்டா பொரிக்கும் வால்ஜியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டது. ரேகை எடுக்கத் தூவும் பொடி, எண்ணெயில் பட்டால் சேறாகக் குழம்பிவிடும். யார் விரல் என்று சொல்ல வழியில்லை. நீதிமன்றத்தில் கேட்டார்கள்: "பீரோவில் இருந்தது ஃபாப்டா எண்ணெயா? ஆமாவா, இல்லையா?" "ஆமா, ஆனா..." "போதும்."

வெளியே ரிக்‌ஷா நிறுத்தத்தில் என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு ஹர்ஷிதாபென் முடித்தார். "ஞாயித்துக்கிழமை காலைல இந்த ஊர்ல எந்தக் கையில அந்த எண்ணெய் இல்ல உபேந்திரபாய்? நகைக் கடைக்காரர் கையில இருந்துது. பிடிச்சுட்டு வந்த போலீஸ்காரர் கையில இருந்துது. ஏன், அந்த ஜட்ஜு சாகேப் கையிலயும் இருந்திருக்கும்! இதைச் சொல்ல எனக்கு ஒரு மூச்சு போதும். விடலையே!" வால்ஜி தீபாவளிக்கு உள்ளே போனவன், அசல் திருடன் வேறு ஊரில் மாட்டிய பிறகு ஹோலிக்குத்தான் வெளியே வந்தான். கடை போய்விட்டது. இப்போது யாருடைய கடையிலோ கூலிக்கு வாணலி பிடிக்கிறான். ஹர்ஷிதாபென் அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டுவிட்டார்.

குழாயடி வேட்டை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. கொழுப்பில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு கருஞ்சாயத்தைக் கரைத்து, எண்ணெய் ரேகைமேல் ஊற்றி, நீரில் அலசிப் பார்த்தார். கோடு கோடாக, சுழி சுழியாக, கல்யாணப் பத்திரிகை அச்சு மாதிரி ரேகை எழுந்து நின்றது. சாயம் புதிதல்ல, துறையில் பழையதுதான்; ஆனால் நம் ஊர் ஃபாப்டாவுக்கும் ஜிலேபிக்கும் ரேகை எந்த வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பழைய பீரோக் கதவை வரவழைத்து அதிலும் ஊற்றினார். வால்ஜியின் ரேகை அதில் எங்குமே இல்லை. அன்று மாலை அவர் குழாயடிக்குக்கூடப் போகாமல் நேரே வீட்டுக்குப் போனார்.

அந்த வருடம் போபாலில் தடயவியல் மாநாடு என்று அறிவிப்பு வந்தது. எங்கள் ஆய்வகத்தில் மாநாடு என்றால் ராவல் சாகேப் போவார், ராவல் சாகேப் வருவார், பை ஒன்று கொண்டுவருவார், அந்தப் பையைப் பல மாதம் சுமப்பார். மற்றவர்களுக்குப் பயணப்படி கிடையாது. ஆனால் இந்த முறை மாநாட்டுக்காரர்களே, கட்டுரை வாசிக்கத் தேர்வாகிறவர்களுக்குப் போக வர வண்டிச் செலவும் தங்க இடமும் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வாசிக்கிறவருக்கு மட்டும்தான். கூட எழுதியவருக்கு ஒன்றும் இல்லை. அந்தக் 'கூட எழுதியவர்' அடியேன். என் பங்களிப்பு பெரும்பாலும் தின்றதுதான்.

எங்கள் எண்ணெய் ரேகைக் கட்டுரை தேர்வான செய்தி வந்தபோது ஹர்ஷிதாபென்னுக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு அறையாக ஓடினார். "பத்து நிமிஷம்! முழுசாப் பத்து நிமிஷம் நான் பேசலாமாம். நடுவுல யாரும் வாயைத் திறக்க மாட்டாங்களாம்! அதுக்கு வண்டிக்காசும் அவங்களே குடுக்கறாங்க உபேந்திரபாய்! இத்தனை வருஷமா நான் பேசாம இருக்கறதுக்குத்தானே சம்பளம் வாங்கினேன்?" என்றார். சொல்லிவிட்டு அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றினார். விளையாட்டுச் செருப்பு கீச்சென்றது. என்னுடைய விஷப் பிரிவில் இருந்த நாங்கள் ஐந்து பேரும் கைதட்டினோம்.

அதோடு நின்றிருந்தால் சரி. சிறந்த வாசிப்புக்கு ஒரு விருதும் உண்டு, விருது வாங்குகிறவரை அடுத்த வருடம் லிஸ்பனில் நடக்கும் உலக மாநாட்டுக்கு முழுச் செலவோடு அனுப்புவார்கள் என்று யாரோ படித்துச் சொல்லிவிட்டார்கள். கேட்க வேண்டுமா! ஆய்வகமே ஆட்டம் போட்டது. ராவல் சாகேப் தச்சரை வரவழைத்துத் தன் நாற்காலிக்குப் பின்னால் விருது வைக்க ஒரு பலகை அடித்துவிட்டார். "போறது பென், வர்றது நம்ம ஆய்வகத்துக்கு" என்று விளக்கமும் சொன்னார். முகுல்பாய் லிஸ்பன் நேரத்துக்கு ஒரு கடிகாரத்தைத் திருப்பி வைத்துச் சுவரில் மாட்டினார். வழக்குப் பொருள் காப்பறைக் கர்சன்பாய்க்கு வேறு கவலை. "அந்த ஊர்ல கடலைமாவு கிடைக்குமா பென்? கிடைக்காதுன்னா இப்பவே தெப்லா போட்டு வச்சுக்கணும்." ஒரு வருடம் முன்னாலேயே சப்பாத்தி சுடச் சொன்னவர் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார். ஹர்ஷிதாபென்னும் மசியாமல் இல்லை. ஒருநாள் நான் எட்டிப் பார்த்தபோது, பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு உலக வரைபடத்தில் லிஸ்பனை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "கடலோரமா இருக்கு உபேந்திரபாய். நான் விமானத்துல ஏறினதே இல்ல" என்று சின்னக் குரலில் சொன்னார்.

இந்தக் கர்சன்பாய் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும். ரேகைத் தகடுகளையும், பேச்சுக்கான படங்கள் இருந்த விரலளவுச் சேமிப்புக் கருவியையும் பத்திரமாகக் கட்டித் தரும்படி ஹர்ஷிதாபென் அவரிடம் கொடுத்தார். கொலை வழக்குக் கத்தியைக் கட்டிக் கட்டிப் பழகிய கை. வெள்ளைத் துணியில் பொதிந்து, சுற்றிலும் தைத்து, முடிச்சுக்கு முடிச்சு அரக்கு உருக்கி ஊற்றி, ஆய்வக முத்திரையை நச்சு நச்சென்று குத்தி, ரத்தச் சிவப்பில் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "நம்ம பென் பொருளாச்சே, ரெண்டு முத்திரை கூடவே போட்டிருக்கேன்" என்றார் வாயெல்லாம் பல்லாக.

ரயிலில் நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். "பென், இப்பவே பிரிச்சு, எல்லாம் சரியா இருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்."

ஹர்ஷிதாபென் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "முத்திரை போட்ட பொருளை நடுவழியில பிரிக்கறதா? யார் முன்னாடி? இந்த டீ விக்கறவர் முன்னாடியா? எங்க போய்ச் சேரணுமோ அங்கதான் பிரிக்கணும். விஷப் பிரிவுல உங்களுக்கு யாரும் ஒண்ணும் சொல்லித் தரலையா?" பொட்டலத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கிவிட்டார். என் சீட்டுச் செலவு என் சொந்தக் காசு, இதற்கு என் மனைவி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

மாநாட்டு மண்டபத்தில் எங்கள் அமர்வுக்குத் தலைவர் பாதுரி என்ற வங்காளப் பெரியவர், நேரம் விஷயத்தில் கறார் பேர்வழி. ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: பெயர் கூப்பிட்டதும் கடிகாரம் ஓடும், பத்தாவது நிமிடம் மேஜை மணி அடிக்கும், மணி அடித்த பிறகு ஒரு வாக்கியம் பேசினாலும் விருதுப் போட்டியிலிருந்து பெயர் நீங்கிவிடும். முன்னால் பேசிய இரண்டு பேர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு இறங்கியதைப் பார்த்தேன்.

"ஹர்ஷிதாபென் ஆந்தாணி!"

சுவரில் சிவப்பு எண்கள் ஓட ஆரம்பித்தன. மேடையில் ஏறிய ஹர்ஷிதாபென் அரக்குப் பொட்டலத்தைப் பாதுரியின் மேஜைமேல், மணிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, கைகட்டி நின்றார். கணினி இயக்கும் பெண், "படம் குடுங்க மேடம்" என்றாள். "உள்ள இருக்கு." "அப்ப பிரிங்க." "ரெண்டு சாட்சி வேணுமே?"

வேறு எந்த மண்டபமாக இருந்தாலும் சிரித்து, கத்திரிக்கோலை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார்கள். இது எங்கள் கூட்டம் அல்லவா! முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது.

"முத்திரை முழுசா இருக்கான்னு முதல்ல பாருங்க!"

"மாதிரி முத்திரை எங்க? ஒப்பிட்டுப் பாக்க வேண்டாமா?"

"போட்டோ, போட்டோ! பிரிக்கறதுக்கு முன்னாடி நாலு பக்கமும் எடுங்க!"

"அரக்குல கை வைக்காதீங்க, எதிர்ப்பக்கத் தையலை வெட்டுங்கம்மா!"

ஒரு வழுக்கைத் தலைப் பெரியவர் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு மேடைக்கே ஓடிவந்துவிட்டார். குவாஹாத்தியிலிருந்து வந்திருந்த ஒரு பெண் கையுறை மாட்டிக்கொண்டே படியேறினாள். இத்தனைக்கும் இருவரும் அதே விருதுக்குப் போட்டி போடுகிறவர்கள். நடுவர்களாக உட்கார்ந்திருந்த மூவரில் ஒருவர், "தையல் நேர்த்தி பாருங்க, எந்த ஆய்வகம் இது?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். நான் பின்வரிசையிலிருந்து, "ஐயோ, வெட்டுங்களேன்! அது கத்தி இல்ல, ஃபாப்டா!" என்று கத்தினேன். மண்டபம் கொல்லென்று சிரித்தது, கடிகாரம் மட்டும் சிரிக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. கர்சன்பாய் இரட்டைத் தையல் போட்டிருந்தார். கூடுதலாகப் போட்ட இரண்டு முத்திரைகளும் சரியாகத் தையல்மேலேயே விழுந்திருந்தன. அவர் மட்டும் அப்போது அங்கே இருந்திருந்தால் நான் அவரைக் கொன்று, தடயத்தை அந்தக் கூட்டத்திடமே ஒப்படைத்திருப்பேன்.

பொட்டலம் பிரிந்தபோது பாதி நேரத்துக்கு மேல் போய்விட்டது.

ஹர்ஷிதாபென் ஒரு மூச்சு இழுத்தார். பிறகு பேசினார் பாருங்கள்! மடை திறந்த மாதிரி. ஃபாப்டா, ஜிலேபி, வெண்ணெய், வெயில், குழாயடி, கணவரின் குளிர்பதனப் பெட்டி என்று எல்லாம் வந்தது. கறுத்த சாயத்தில் எழுந்து நிற்கும் ரேகையைக் காட்டும்போது மண்டபம் "அடடா!" என்றது. "இது எங்க இயக்குநர் சாகேப்போட ரெட்டைச் சுழி. ரெண்டு தட்டு தின்னாரு, ஒண்ணுதான் தின்னேன்னு சொன்னாரு, ரேகை ரெண்டு இருக்கு" என்றதும் பாதுரியே கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடுவர்கள் மூவரும் எழுதவே மறந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது, இது லிஸ்பன்தான்! என் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தேன். அவரும் மகிழ்ச்சியாகத் திருப்பி அடித்தார்.

சிவப்பு எண்கள் கடைசி நிமிடத்துக்கு வந்தன. திரையில் கடைசிப் படம். எண்ணெய்ப் புகை நடுவே வாணலி முன்னால் ஒரு மெலிந்த மனிதன், கேமராவைப் பார்க்கக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்திருந்தான். வால்ஜி. அந்தத் தெருப்பக்கமே போகாத ஹர்ஷிதாபென் எப்போது போய் இந்தப் படத்தை எடுத்தார் என்று எனக்குத் தெரியாது.

மண்டபத்தில் சிரிப்பு மெல்ல அடங்கியது. ஹர்ஷிதாபென் திரையைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். 'நன்றி' என்று ஒரு சொல் சொல்லிவிட்டு இறங்கினால் விமானம், கடல், பலகை, கடிகாரம், தெப்லா எல்லாம் கைக்கு வந்துவிடும். நான் உட்கார்ந்த இடத்தில் கும்பிட்டேன். "சொல்லுங்க பென், நன்றி சொல்லிட்டு இறங்குங்க, தாயே" என்று முணுமுணுத்தேன்.

"இவர் பேர் வால்ஜி," என்றார் ஹர்ஷிதாபென். அந்தக் குரலில் அவசரம் இல்லை. "பீரோவுல இருந்தது ஃபாப்டா எண்ணெயான்னு கோர்ட்ல என்னைக் கேட்டாங்க. ஆமான்னு சொன்னேன்."

எண்கள் பூஜ்யத்தைத் தொட்டன. பாதுரி மனசில்லாமல் மேஜை மணியின் குமிழை நோக்கிக் கையை நீட்டினார்.

"ஆனா..." என்று சொல்லிக்கொண்டே ஹர்ஷிதாபென் குனிந்து, தன் உள்ளங்கையை அந்த மணியின்மேல் வைத்து மூடிக்கொண்டார்.